நம் பெண்கள் இடும் கையொப்பம்

(பெரகலவில் நிகழ்த்திய உரை)



அப்புத்தளை வீதி பிரியும் இந்தப் பெரகலச் சந்தியில்தான் நம் பெண் மக்கள் பெட்டியும் கையுமாக நின்று கொழும்புப் பக்கம் பஸ் ஏறுகின்றனர். கொழுந்து பறித்த தாயின் மகள் இன்று ஆடை தைக்கின்றாள். அதை நாம் தாழ்வெனக் கருதவில்லை. அவள் எந்த நிபந்தனையில் தைக்கின்றாள் என்பதே நம் கவலை.

1978 இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தோன்றியது. 1992 இல் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் இத்தொழிலைக் கிராமங்களுக்குக் கொணர்ந்தது. 2006 இல், சிறுவர் உழைப்பும் கட்டாய உழைப்பும் கலவாத 'குற்றமற்ற ஆடை' எமது ஆடை என்று தொழிலதிபர்கள் உலகச் சந்தையில் பறைசாற்றினர். 2008 இல் துல்கிரியவில் மின்சாரத்தையும் நீரையும் சிக்கனப்படுத்தும் பசுமைத் தொழிற்சாலை எழுந்தது. இவை பாராட்டுக்குரியவையே! ஆயினும், நீருக்குக் காட்டும் அக்கறையைத் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தவளுக்கும் காட்ட வேண்டாமா?

அண்மையில் தந்தை ஒருவர் மகளின் நியமனக் கடிதத்தை நம்மிடம் கொணர்ந்தார். அதில் ஓர் எழுத்தும் தமிழில் இல்லை. காய்ச்சலில் இரண்டு நாள் படுத்ததற்கு வரவுக் கொடுப்பனவு முழுவதும் வெட்டப்பட்டது. 'நீ கையொப்பமிட்ட நிபந்தனைதானே!' என்றனராம். படிக்க இயலாத நிபந்தனைக்கு அவள் எவ்வாறு உடன்பட்டாள்?

முன்னாளில் இத்தோட்டங்களில் 'துண்டு' முறை இருந்தது. கடனைக் குறித்த அத்துண்டின்றித் தொழிலாளி வேறு தோட்டம் போக இயலாது. 1921 இல் சட்டம் அதனை ஒழித்தது. நூறாண்டு கடந்தும், புரியாத தாளொன்று நம் மக்களைக் கட்டுவதா? தமிழ் 1987 இலேயே அரசகரும மொழியாயிற்று. தொழிற்சாலை வாயிலுக்குள் மட்டும் அது நுழையலாகாதா?

2013 ஏப்ரில் 24 ஆம் நாள் வங்காளதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் சரிந்து 1,100 பேருக்கு மேல் மாண்டனர். முதல் நாளே வெடிப்பைக் கண்டனர். கண்டும் மறுநாள் உள்ளே அனுப்பப்பட்டனர். 'போகமாட்டோம்' என்று சொல்லும் பலம் அவர்களுக்கு இல்லை. அப்பலத்தின் பெயரே தொழிற்சங்கம்!

1935 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி எழுவர் கூடினால் சங்கம் பதியக் கோரலாம். 1999 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, தொழிலாளரில் நூற்றுக்கு நாற்பது பேரைக் கொண்ட சங்கத்துடன் பேச முதலாளி மறுக்கலாகாது. 2011 இல் ஓய்வூதிய மசோதாவை எதிர்த்துக் கட்டுநாயக்காவில் தொழிலாளர் திரண்டனர். பொலீசாரின் சூட்டில் ஓர் இளைஞர் உயிர் நீத்தார், மசோதா கைவிடப்பட்டது. சட்டம் ஏட்டில் உறங்கும். ஒற்றுமையே அதனை எழுப்பும்.

வாங்கும் நாட்டாருக்கும் பொறுப்புண்டு. 2020 இல் கொள்ளைநோய் பரவியபோது வெளிநாட்டு வணிகர் பலர் கட்டளைகளை இரத்துச் செய்தனர். அடிமாட்டு விலை பேசிவிட்டு அறம் பேசுவது முறையன்று.

ஆகவே நாம் கோருவன மூன்று. நியமனக் கடிதமும் சம்பளச் சீட்டும் தமிழிலும் வேண்டும். சங்கம் சேர்ந்தவளைப் பழிவாங்கலாகாது. வாழ்வதற்குப் போதிய வேதனத்தை உள்ளடக்கியே ஆடையின் விலை பேசப்பட வேண்டும்.

பதுளைச் சட்டத்தரணிகளே! ஆசிரியர்களே! மாதத்தில் ஒரு ஞாயிறு இங்கு வந்து அக்கடிதங்களைப் படித்துச் சொல்லுங்கள். பெற்றோர்களே! படித்துக் காட்டாத தாளில் மகளைக் கையொப்பமிட விடாதீர்கள்.