தோளில் தழும்பு உள்ளவர்

(சங்கத்தின் ஆண்டுச் சுற்றுலாவில், கொல்லிமலை செம்மேட்டில் தங்கிய இரவு, சி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)



காலையில் பஸ் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிப்பதற்குள் பாதிப் பேருக்குத் தலைசுற்றல். எலுமிச்சம்பழம் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. நான் மட்டும் ஜன்னலை விட்டு நகரவில்லை. மலை ஏறத் தொடங்கும் முன் காரவள்ளி என்று ஒரு ஊரைக் கடந்தோமே, அதுதான் எங்கள் பூர்வீகம். நாளை அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாய கங்கைக்கும் போகப்போகிறோம். அதற்கு முன், இந்த அடிவாரத்திலிருந்து நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன ஒருவரைப் பற்றிப் பேசச் சொல்லி செயலாளர் கேட்டார். அவர் என் தாத்தாவின் அப்பா. எங்கள் பக்கத்தில் பூட்டன் என்போம்.

சின்ன வயதில் அப்பாயி சொல்லித்தான் அவரைத் தெரியும். இந்தச் சாலை இல்லாத காலம். உப்பையும் துணியையும் தலைச்சுமையாக மலைக்கு ஏற்றி, மிளகையும் தேனையும் கீழே இறக்குவது அவருக்குத் தொழில். ஒருநாள் வழியில் கரடி மறித்து வலது தோளைக் கிழித்துவிட்டதாம். தாத்தா தவழ்ந்துகொண்டிருந்த வயதில் ஒருநாள் சேந்தமங்கலம் சந்தைக்கு என்று போனவர் திரும்பவே இல்லை. 'நேட்டாலுக்குப் போயிட்டான்' என்று யாரோ வந்து சொன்னார்கள். அவ்வளவுதான் சேதி.

பூட்டி கூலி வேலை செய்து தாத்தாவை வளர்த்தாள். சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை. தாத்தாவை ஊரில் 'ஓடிப்போனவன் மகன்' என்றே அழைத்தார்களாம். பங்காளிச் சண்டை வந்தால் முதலில் வரும் வார்த்தை அதுதான். எங்கள் வீட்டில் அவர் பெயரை யாருக்கும் வைத்ததில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, பேத்தியின் பள்ளி 'குடும்ப மரம்' வரையச் சொன்னபோது, அந்த ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. 'யார் தாத்தா இது?' என்று கேட்டாள். அங்கே தொடங்கியது தேடல்.

நேட்டால் என்பது இன்றைய தென்னாப்பிரிக்காவில் டர்பன் துறைமுகம் இருக்கும் பகுதி. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் 342 பேருடன் அங்கே போய்ச் சேர்ந்தது. 1911 வரை 384 கப்பல் பயணங்களில் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். சுமார் மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். கரும்புத் தோட்டம் என்றுதான் நாம் கேள்விப்பட்டிருப்போம். ஆனால் நேட்டாலின் வடக்கே டண்டி, நியூகாசில் ஊர்களைச் சுற்றி நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. அங்கேயும் நம் ஆட்கள் நூற்றுக்கணக்கில் இறக்கப்பட்டார்கள்.

நம் அதிர்ஷ்டம், வெள்ளைக்காரன் கணக்குப்பிள்ளை புத்தி உள்ளவன். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண் போட்டு, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், அங்க அடையாளம், ஜில்லா, தாலுகா, கிராமம், எந்த முதலாளியிடம் ஒப்படைத்தார்கள் என்பது வரை பதிந்து வைத்தான். அந்தக் கப்பல் பட்டியல்களை டர்பனில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையம் பாதுகாக்கிறது. எழுத்துப்படி எடுத்தவை இணையத்திலும் கிடைக்கின்றன.

படிப்பதுதான் பாடு. நம் ஊர்ப் பெயரைத் துரை காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். முனுசாமி 'மூன்சாமி' ஆவார், வெங்கடேசன் 'வெங்கட்டன்' ஆவார். சேலம் ஜில்லா, நாமக்கல் தாலுகா என்று வடிகட்டி, கிராமப் பெயரை வாய்விட்டு உச்சரித்து உச்சரித்துப் பார்ப்பேன். என் மனைவி, 'மந்திரம் ஜபிக்கிறீங்களா?' என்று கேட்பாள். எட்டு மாதம் ஆயிற்று.

1901-இல் போன ஒருவர். வயது 24. எங்கள் பூட்டனின் பெயர் கொஞ்சம் சிதைந்து இருக்கிறது. தகப்பன் பெயர் பொருந்துகிறது. கிராமம் 'கரவல்லி'. இவ்வளவு இருந்தும் எனக்குத் தயக்கம்தான். அதே பெயரில் அதே ஊரில் இன்னொருவர் இருந்திருக்கலாம் அல்லவா? அங்க அடையாளக் கட்டத்தைப் பார்த்தேன். 'தழும்பு, வலது தோள்.'

அந்தப் பதிவை எழுதிய குமாஸ்தாவுக்குக் கரடியைத் தெரியாது. எங்கள் அப்பாயிக்கு அந்த எண் தெரியாது. இரண்டையும் சேர்த்து வைத்தபோதுதான் அது எங்கள் பூட்டன் ஆனது.

முதலாளி என்ற கட்டத்தில் டண்டி பக்கத்துச் சுரங்கம் ஒன்றின் பெயர். டண்டி, டர்பனிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் உள்ளே, கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல். கிட்டத்தட்ட நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் உயரம். ஆளுக்கொரு சால்வை போர்த்தியிருக்கிறோமே, அங்கே குளிர்காலத்தில் தரையில் உறைபனி படியும். வேலையோ மண்ணுக்கு அடியில். குடியிருப்பதற்குச் சுரங்க 'காம்பவுண்ட்'. நமக்குக் காம்பவுண்ட் என்றால் வெளியார் உள்ளே வராமல் தடுக்கும் சுவர். அவர்களுக்கு அது உள்ளே இருப்பவர் அனுமதி இல்லாமல் வெளியே போகாதபடி தடுக்கும் இடம்.

சம்பளம் முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடி ஐந்தாம் ஆண்டில் 14. ஐந்தாண்டு முடிந்ததும் மூன்று வழி: ஊர் திரும்பலாம், மீண்டும் ஒப்பந்தத்தில் விழலாம், அல்லது சுதந்திர ஆளாகத் தங்கி ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்டலாம். 1895-இல் போட்ட சட்டம் இது. 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங். முதலாண்டுச் சம்பளத்தில் ஆறு மாதக் காசு. மனைவிக்கும் தனியாகக் கட்ட வேண்டும். மெயின்டனன்ஸ் 200 ரூபாய் ஏறியதற்கே பொதுக்குழுவில் நாம் போட்ட சத்தம் எனக்கு ஞாபகம் வருகிறது.

அந்த வரியை எதிர்த்துத்தான் 1913 அக்டோபரில் நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், சுரங்கக் குடியிருப்புகளுக்கே போய்ப் பேசினார்கள். தம்பி நாயுடு உடன் நின்றார். நவம்பர் 6 அன்று காந்தி தலைமையில் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தார்கள். நான்கு நாளில் காந்தி மூன்று முறை கைதானார். நடந்தவர்களை ரயிலில் ஏற்றி நேட்டாலுக்கே திருப்பி அனுப்பி, சுரங்கக் காம்பவுண்டுகளையே சிறை என்று அறிவித்தார்கள். காவலர்கள் சுரங்கத்தின் ஆட்களே. நம் பாடப்புத்தகத்தில் படித்த தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோயுற்று, 1914 பிப்ரவரியில் இறந்தது இதே போராட்டத்தில்தான். அந்த ஆண்டே வரி நீங்கியது.

அந்த 2,037 பேரில் என் பூட்டனும் நடந்தார் என்று சொல்ல ஆசைதான். அப்போது அவருக்கு 36 வயது இருக்கும். ஆனால் ஆசை ஆதாரம் ஆகாது. என் கையில் இருப்பது ஒரே ஒரு வரி. அதில் திரும்பிய தேதிக்கான இடம் வெறுமையாக இருக்கிறது.

அவரைத் தியாகி ஆக்க நான் வரவில்லை. கைக்குழந்தையோடு ஒரு பெண்ணை விட்டுப் போனவர்தான். பூட்டி பட்ட பாட்டை எந்தப் பதிவும் ஈடு செய்யாது. ஆனால் ஊர் சொன்ன 'ஓடிப்போனவன்' என்ற சொல் முழு உண்மை இல்லை. எண் போட்டு, உயரம் அளந்து, கப்பலேற்றி, மண்ணுக்கடியில் இறக்கப்பட்ட 24 வயதுப் பையன் அவர். இது தாத்தாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமலே போய்விட்டார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

பேத்தியின் படத்தில் அந்தக் கட்டத்தில் இப்போது அவர் பெயர் இருக்கிறது. பக்கத்தில் அவளாகவே சின்னதாக ஒரு கரடி வரைந்திருக்கிறாள்.

உங்களிடம் ஒரே வேண்டுகோள். நம் குடியிருப்பில் எண்பதைத் தாண்டியவர்கள் பலர் இருக்கிறார்கள். நேட்டாலுக்கு மட்டும் அல்ல, மொரீஷியஸுக்கும் ஃபிஜிக்கும் ஒப்பந்தத்தில் போனவர்களின் பதிவுகளும் அந்தந்த நாட்டில் இருக்கின்றன. காகிதம் எங்கும் போகாது. அதைத் திறக்கும் சாவி நம் பெரியவர்களின் நினைவில் இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், கிராமம், உடம்பில் ஒரு அடையாளம், இந்த நான்கையும் கேட்டு எழுதி வையுங்கள். ஊருக்குத் திரும்பியதும் என்றுகூடத் தள்ளிப்போட வேண்டாம். பெரியவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், சாப்பாட்டுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது.