இழந்த பாண்

பிரான்சு நாட்டிலே பழைய பாணைக் கொண்டு ஆக்கும் ஓர் உணவுக்குப் 'பான் பெர்து' என்பது பெயர். 'இழந்த பாண்' என்பது அதன் பொருள். இலங்கைத் தமிழர் வழங்கும் 'பாண்' என்னும் சொல் போர்த்துக்கேயர் வழி வந்தது. அதுவும் பிரெஞ்சுச் சொல்லும் 'பானிஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் வழிப் பிறந்தவையே.

பாணைப் பாலில் தோய்த்துப் பொரித்துத் தேன் சொரியும் முறை, அப்பீசியஸ் என்னும் பெயரால் வழங்கும் பழைய உரோம சமையல் நூலிலேயே காணப்படுகிறது. பிற்காலத்தில் முட்டையும் சேர்ந்தது. பெரும்பாலும் இனிப்பாகவே ஆக்கப்படும் இதனை, பாற்கட்டியும் பச்சிலையும் சேர்த்து உவர்ப்புணவாகவும் ஆக்கலாம்.

இதற்குப் புதிய பாணிலும் முதல்நாட் பாணே சிறந்தது. வெதுப்பிய பாண் ஆறியபின், அதிலுள்ள மாப்பொருளின் கூறுகள் மீண்டும் ஒழுங்காக அடுங்கி இறுகுகின்றன. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இம்மாற்றம் இன்னும் விரைவாக நிகழும். புதிய பாண் நனைந்ததும் குழைந்து சிதையும். இறுகிய பாணோ பாலை உள்வாங்கியும் உருக்குலையாது நிற்கும். குறையெனக் கருதப்பட்டதே இங்குக் குணமாகிறது.

இருவருக்கு, விரற்கடை தடிப்புள்ள நான்கு துண்டுகள் போதும். இரண்டு முட்டைகளை அரைக் கோப்பைப் பாலுடன் நன்றாக அடித்து, மிளகுதூளும், பொடியாக அரிந்த பார்ஸ்லி, வெங்காயத்தாள் ஆகியவற்றில் இரண்டு மேசைக்கரண்டியும் இடவேண்டும். துருவிய பாற்கட்டி 50 கிராம் சேர்க்கலாம். குரூயேர் போன்ற கெட்டியான வகை நன்கு உருகும். பாற்கட்டியிலேயே உப்பு உண்டாதலின், வேறு உப்பு ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டியதில்லை.

துண்டுகளை இக்கலவையில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் ஊறவிட்டு, தாச்சியில் வெண்ணெயுடன் சிறிது எண்ணெயும் விட்டு, மிதமான சூட்டில் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம் பொன்னிறமாகப் பொரிக்க வேண்டும். நெருப்பு மிகுந்தால் பாற்கட்டி கருகும். நடுவிலுள்ள முட்டையோ வேகாது. நடுப்பகுதியை அழுத்தும்போது ஈரம் கசியாதிருப்பதே பதம்.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. இறுகிய பாண் வேறு, பூஞ்சணம் பிடித்த பாண் வேறு. பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நில்லாது உள்ளேயும் பரவியிருக்கும். ஆதலின் அவ்விடத்தை மட்டும் வெட்டிவிட்டு எஞ்சியதை உண்பது தவறு. அதனை எறிந்துவிடுதலே தகும்.

இலங்கையர் உண்ணும் பாணுக்குரிய கோதுமை கடல் கடந்து வருவது. அதன் விலையும் பிறநாட்டு விளைச்சலையும் கப்பற் கூலியையும் பொறுத்தது. அத்தகைய பொருளில், இறுகியது என்பதற்காகவே ஒரு துண்டையும் குப்பையில் இடாதிருக்க, இரண்டு முட்டையும் சிறிது பாலும் போதுமானவை.