மெலிந்த கோபுரமும் மேல்தளத்துத் தூக்கமும்

 உயர்ந்த குடியிருப்புக் கோபுரங்களைப் பற்றிய இந்தக் கருத்தரங்குக்கு நான் தலைமையேற்கிறேன். கட்டடக் கலைஞர்களும் கட்டமைப்புப் பொறியாளர்களும் ஒரே அவையில் அமர்ந்திருக்கிறீர்கள். நான் வைக்கப்போகும் வேண்டுகோள் இரு சாராருக்கும் உரியது.

நியூயார்க்கின் 57-ஆம் தெருவில் நிற்கும் 111 வெஸ்ட் 57 கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். உயரம் 435 மீட்டர். அகலம் ஏறத்தாழ 18 மீட்டர். உயரத்தை அகலத்தால் வகுத்தால் 24 வருகிறது. அண்டை மனைகளில் கட்டாமல் விட்ட பரப்பின் உரிமையை வாங்கித் தன் மனையில் சேர்த்துக் கட்ட அந்த நகரத்தின் விதிகள் இடம் தருகின்றன. சென்ட்ரல் பார்க்கைப் பார்த்தபடி குடியிருக்கப் பெரும் விலை தருவோரும் இருக்கிறார்கள். சிறிய மனையில் இத்தனை உயரம் எழுந்தது அதனால்தான். கீழே ஒட்டியிருக்கும் பழைய ஸ்டெயின்வே கட்டடத்தையும் சேர்த்து மொத்தம் 60 வீடுகளே. இது நகரத்துக்கு நியாயமா என்று கேட்பவர்களின் பக்கம்தான் நானும் நிற்கிறேன். ஆனால் கட்டுவது என்று முடிவான பிறகு நம் பொறுப்பு வேறு.

விழாமல் நிற்க வைப்பது இன்று நமக்குத் தெரிந்த வேலை. காற்று ஒரு பக்கம் தள்ளும்போது மறுபக்கத்து அடித்தளம் அழுந்தும், தள்ளிய பக்கம் மேலே இழுபடும். அதனால் அடித்தளம் பாரத்தைச் சுமந்தால் மட்டும் போதாது, கோபுரத்தைக் கீழே பிடித்தும் வைக்க வேண்டும். மன்ஹாட்டன் பாறைக்குள் நங்கூரங்களை இறக்கி அதைச் செய்தார்கள். கிழக்கிலும் மேற்கிலும் கனத்த கான்கிரீட் சுவர்களை எழுப்பி, பூங்காவை நோக்கிய வடமுகத்தைத் திறந்து விட்டார்கள்.

கடினமான கேள்வி, மேல்தளத்தில் படுத்திருப்பவர் புயல் இரவில் தூங்குவாரா என்பதே. மெலிந்த கோபுரத்தைக் கடந்து போகும் காற்று இரு பக்கங்களிலும் மாறிமாறிச் சுழிகளை உதிர்க்கிறது. அவை கட்டடத்தைக் காற்றின் திசைக்குக் குறுக்கே இடமும் வலமுமாக இழுக்கின்றன. ஊஞ்சலைச் சரியான கணத்தில் தள்ளுவதுபோல, சுழிகளின் தாளம் கட்டடத்தின் இயல்பான அலைவோடு பொருந்திவிட்டால் சிறிய விசையும் பெரிய ஆட்டமாகும். நியூயார்க்கின் 432 பார்க் அவென்யூ கோபுரத்தில் 12 தளங்களுக்கு ஒருமுறை இரண்டு தள உயரத்துக்குக் காற்று ஊடுருவிப் போகத் திறந்து விட்டது இந்தத் தாளத்தைக் குலைக்கத்தான். அப்படியிருந்தும் 2021-இல் அதன் குடியிருப்போர் சங்கம் கட்டியவர்கள் மீது வழக்குத் தொடுத்தது. பலத்த காற்றில் லிஃப்ட் நிற்பதும் சுவர்கள் முனகுவதும் அங்கே குடியிருப்போர் சொன்ன குறைகளுள் சில.

மனிதர் எவ்வளவு ஆட்டத்தைப் பொறுப்பார்? 1965-இல் அமெரிக்காவின் யூஜீன் நகரில், இலவசக் கண் பரிசோதனை என்று அறிவித்து மக்களை வரவழைத்தார்கள். பரிசோதனை அறைக்கு அடியில் ஹைட்ராலிக் பொறி இருந்தது; அறை மெல்ல அசையத் தொடங்கும். வந்தவர்களுக்கு எந்த அளவில் தலை சுற்றுகிறது என்பதைத்தான் உளவியலாளர் பால் ஹாஃப்மன் கவனித்தார். அப்போது வடிவமைப்பில் இருந்த உலக வர்த்தக மையக் கோபுரங்களுக்காக நடந்த சோதனை அது. பொறியாளர்கள் எண்ணியிருந்ததைவிட மிகச் சிறிய அசைவையே மக்கள் உணர்ந்துவிட்டார்கள். அந்தக் கோபுரங்கள் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10,000 அதிர்வுத் தணிப்பான்களைப் பொருத்த நேர்ந்தது. சொல்லாமல் மனிதரை வைத்துச் சோதித்த முறை தவறு. கிடைத்த உண்மையை மட்டும் நாம் மறக்கக் கூடாது.

அதுவும் அலுவலகங்களுக்கான கோபுரம். புயல் வந்தால் ஊழியர் வீட்டுக்குப் போய்விடலாம்; வீட்டில் இருப்பவர் எங்கே போவார்? பத்தாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய காற்றுக்கு அலுவலகங்களில் சுமார் 25 மில்லி-ஜி முடுக்கத்தை ஏற்பவர்கள், வீடுகளுக்குச் சுமார் 15 மட்டுமே ஏற்கிறார்கள்.

இந்த எல்லைக்குள் நிற்கப் பல வழிகள் உண்டு: வடிவத்தை உயரத்தோடு மாற்றலாம், கனத்தைக் கூட்டலாம், தணிப்பைக் கூட்டலாம். 111 வெஸ்ட் 57-இன் உச்சியில் சுமார் 800 டன் எடை தணிப்பானாகத் தொங்குகிறது. வான்கூவரின் ஒன் வால் சென்டரில் மேல்மாடி நீர்த்தொட்டிகளே தணிப்பான்கள். தீயணைக்கவும் அந்த நீர் பயன்படும் என்பதால் அந்தத் தீர்வு எனக்கு மிகவும் பிடிக்கும். தணிப்பை இரட்டிப்பாக்கினால் முடுக்கம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும்.

ஆனால் எதை இரட்டிப்பாக்குகிறோம்? கட்டடத்துக்கு இயல்பாக உள்ள தணிப்பு ஒரு விழுக்காடா, ஒன்றரையா என்பது வரைபடத்தில் தெரியாது. காற்றுச் சுரங்கத்து மாதிரியும் அதைச் சொல்லாது. அந்த எண்ணை நாம்தான் மாதிரிக்குக் கொடுக்கிறோம். எழுந்து நிற்கும் கட்டடத்தை அளந்தால் மட்டுமே அது தெரியும். அப்படி அளந்த எண்கள் பெரும்பாலும் உரிமையாளர்களின் கோப்புகளுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. வீட்டின் விலை விழுந்துவிடும் என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அடுத்த கோபுரத்தை வடிவமைக்கும் இளம் பொறியாளர் ஊகத்தை நம்பி உட்கார்ந்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கட்டடத்தின் பெயரை நீக்கியாவது அளவீடுகளை வெளியிடும் பொதுத் தொகுப்பு ஒன்றுக்கு இந்த அவை இந்த அமர்வுகளுக்குள் வரைவு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கட்டடக் கலைஞர்களிடம் கேட்பது: மூலைகளும் பின்வாங்கல்களும் உங்கள் வரைபடத்தில் இறுகுவதற்கு முன்பே காற்றுப் பொறியாளரை மேசைக்கு அழையுங்கள்.

முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன். உங்கள் கணக்கில் தணிப்புக்கு எந்த எண்ணை எடுத்தீர்கள், அது எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.