சிகாகோவிலே கொடி மாறிற்று!

(ஓசூரில் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

  

ஆராய்ச்சி மாணவர்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று கூறியதும், முன்வரிசைத் தோழர் ஒருவர் முகம் சுளித்தார்; கண்டேன். "சிப்காட்டிலே ஒப்பந்தத் தொழிலாளி படும் பாடு ஓராயிரம் இருக்க, பல்கலைக்கழகப் பேச்சு இங்கே எதற்கு?" என்பது அவர் எண்ணம். "கல்லூரியைப் பாதியிலே விட்டு நாடக மேடை ஏறியவனுக்கு ஆராய்ச்சியைப் பற்றிப் பேச என்ன தகுதி?" என்று எண்ணுவோரும் இருக்கக்கூடும். இரண்டும் நியாயமான கேள்விகளே. பதில் தேடி உங்களைச் சற்றுத் தொலைவு அழைத்துச் செல்கிறேன்.

சிகாகோ! எட்டு மணி நேர வேலை கேட்டு 1886-இல் எழுந்த நகர். அடுத்த ஆண்டே நால்வரைத் தூக்குமேடையில் கண்ட நகர். மே தினத்தை உலகுக்கு அளித்த நகர். அந்நகரின் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்திலே, பாடம் நடத்தி, தேர்வுத்தாள் திருத்தி, ஆய்வுக்கூடத்திலே இரவைப் பகலாக்கி வந்த ஆராய்ச்சி மாணவர்கள் ஒரு சங்கம் அமைத்தனர். அமெரிக்க ஆசிரியர் சம்மேளனத்தோடு அதனை இணைத்தனர். பாடம் சொல்பவர், ஆசிரியர் அமைப்பில் சேர்ந்தார், பொருத்தமான ஏற்பாடுதான்! 2017 அக்டோபரில் வாக்கெடுப்பு. சங்கம் வேண்டும் என்றோர் 1,103 பேர். வேண்டாம் என்றோர் 479 பேர்.

வெற்றிதானே? விழா நடந்திருக்க வேண்டுமல்லவா? நடக்கவில்லை. "நீங்கள் மாணவர்கள், தொழிலாளரல்லர். மாணவரோடு ஊதிய பேரம் என்ன?" என்றது நிர்வாகம். 2018 பிப்ரவரியில், வென்ற சங்கமே தன் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது!

கோழைத்தனமா? அவசரப்பட்டுத் தீர்ப்பளிக்காதீர்கள். அந்நாட்டிலே தனியார் பல்கலைக்கழக உதவியாளர் தொழிலாளரா அல்லரா என்று கூறும் அதிகாரம், தேசியத் தொழிலுறவு வாரியத்துக்கு. 2000-ஆம் ஆண்டு, நியூயார்க் பல்கலைக்கழக வழக்கிலே, "தொழிலாளரே" என்றது அந்த வாரியம். 2004-இல், பிரவுன் பல்கலைக்கழக வழக்கிலே, "அல்லர், மாணவரே" என்றது. 2016-இல், கொலம்பியா பல்கலைக்கழக வழக்கிலே, மீண்டும் "தொழிலாளரே" என்றது. கிளின்டன் ஆண்டால் தொழிலாளி. புஷ் ஆண்டால் மாணவன். ஒபாமா ஆண்டால் மறுபடியும் தொழிலாளி! செய்யும் வேலை மாறவில்லை, திருத்தும் தாளின் எடை குறையவில்லை. ஆளும் கட்சி மாறினால் ஆளின் குலமே மாறிவிடுகிறது. 2018-இல் டிரம்ப் நியமித்தோர் வாரியத்தில் அமர்ந்திருந்தனர். தம் வழக்கு அங்கே சென்றால், 2016-இல் கிடைத்த உரிமையை நாட்டிலுள்ள அத்தனை பேருக்கும் பறித்துவிடுவரே என்ற அச்சம். ஆகவே, தம் வெற்றியைத் தாமே மடித்து வைத்தனர்.

மடித்து வைத்தனர், மறந்துவிடவில்லை. 2019 ஜூனிலே வேலைநிறுத்தம் செய்தனர். பின்னர்தான் அந்த முடிவு: ஆசிரியர் சம்மேளனத்திலிருந்து விலகினர். எங்கே சென்றனர் தெரியுமா? ஐக்கிய மின்சார, வானொலி, இயந்திரத் தொழிலாளர் சங்கத்துக்கு! ஏடெடுத்தோர், இயந்திரம் இயக்குவோரிடம் வந்தனர். 2023 மார்ச்சில் மீண்டும் வாக்கெடுப்பு. வேண்டும் என்றோர் 1,696 பேர். வேண்டாம் என்றோர் 155 பேர்.

கொடியை மாற்றியதாலேயே வாக்கு குவிந்தது என்று கூறமாட்டேன்; அது சோம்பேறியின் கணக்கு. இடையிலே கொள்ளைநோய் வந்தது, வாடகை ஏறிற்று, வாரியத்தின் முகமும் மாறிற்று. எனினும் அவர்கள் சென்று சேர்ந்த இடம் எத்தகையது என்பதைக் கவனிக்க வேண்டும். 1936-இல் தோன்றிய சங்கம் அது. பொதுவுடைமைப் பூச்சாண்டி காட்டப்பட்ட நாட்களில், 1949-இலே, பெரிய சம்மேளனத்தைவிட்டுப் பிரிந்து, தனியே நின்று, அடிபட்டு, உறுப்பினர் பெரும்பகுதியை இழந்து, உயிர் பிழைத்தது. அதன் சட்டவிதி ஒன்றைக் கேளுங்கள்: சங்க நிர்வாகியின் ஊதியம், அத்தொழிலில் உறுப்பினர் பெறும் உச்ச ஊதியத்தை மிஞ்சக்கூடாது! மேடையிலே அமர்ந்திருக்கும் தொழிற்சங்கத் தலைவர்கள் சிலர் புன்னகை புரிகின்றனர். புரியட்டும். கீழே அமர்ந்திருப்போர் புன்னகைக்கவில்லை என்பதையும் அவர்கள் பார்க்க வேண்டுகிறேன்.

அயோவா பல்கலைக்கழகத்திலும் இதே கதைதான். சேவைத் தொழிலாளர் சங்கத்தின் பெயரால் 1994-இல் வாக்குக் கேட்டுத் தோற்றனர். இதே மின்சாரத் தொழிலாளர் சங்கத்தின் பெயரால் 1996-இல் வென்றனர். மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தின் பெயரிலே கலிபோர்னியாவில் 2022-இல் 48,000 பல்கலைக்கழக ஊழியர் வேலைநிறுத்தம் செய்தனர். வண்டி செய்யும் ஊராம் நமது ஓசூருக்கு இது விளங்காதா?

நம் நாட்டு நிலை என்ன? 1963-இல், டில்லிப் பல்கலைக்கழகப் பேருந்து ஓட்டுநர் வழக்கிலே, "கல்வி, தொழிலன்று, ஆகவே தொழிற்தகராறுச் சட்டம் பொருந்தாது" என்று கூறிவிட்டது உச்சநீதிமன்றம். ஓட்டியது பேருந்து, ஓட்டுநரோ வேலை இழந்தவர்! 1978-இலே, இதோ அத்திப்பள்ளிக்கு அப்பால் உள்ள பெங்களூரின் குடிநீர் வாரிய வழக்கிலே, ஏழு நீதிபதிகள் அதனை மாற்றினர். பல்கலைக்கழகமும் தொழிலே என்றனர். அப்பாடா என்று மூச்சு விடுமுன், 1988-இல் கோவா ஆசிரியை ஒருவரின் வழக்கிலே, "பள்ளி தொழில்தான், ஆனால் ஆசிரியர் தொழிலாளி அல்லர், அவர் பணி புனிதமானது" என்ற தீர்ப்பு வந்தது. மணியடிப்பவர் தொழிலாளி, மணி ஒலித்ததும் வகுப்புக்குச் செல்பவர் புனிதர்! புனிதருக்கு வாடகை கிடையாதா? பால் கணக்கு கிடையாதா?

2015 அக்டோபரில், தகுதித் தேர்வு வழி வராத மத்தியப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளருக்கு மாதம் 8,000 ரூபாய் என்றிருந்த உதவித்தொகையை நிறுத்தத் துணிந்தது பல்கலைக்கழக மானியக்குழு. டில்லியிலே அதன் அலுவலக வாயிலில் இரவு பகலாகக் கிடந்தனர் மாணவர்கள். கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 வரை என்று 2019-இல் அதே குழு எழுதிற்று. எழுதியது ஏட்டிலே இருக்கிறது. வாங்கியோரை எண்ணிப் பாருங்கள்.

இவர்கள் ஏன் ஆசிரியர் சங்கத்திலே அடங்கி இருத்தல் கூடாது என்று கேட்பவர் உண்டு. இருக்கலாம், நல்ல சங்கமாயின் இருக்கட்டும். ஆனால், ஆய்வேட்டிலே கையெழுத்திட வேண்டிய நெறியாளரே சங்கத் தலைவராகவும் அமர்ந்திருந்தால், அவர்மீதான குறையை எவரிடம் சென்று கூறுவான் மாணவன்? கூறினால் அந்தக் கையெழுத்து எந்த ஆண்டு கிடைக்கும்? மேற்பார்வையாளரைத் தலைவராகக் கொண்ட சங்கத்திலே நீங்கள் சேர்வீர்களா? சேரமாட்டீர்களல்லவா! அதே நியாயம்தான் அவர்களுக்கும்.

ஆகவே, ஒரு கொடியைவிட்டு மறு கொடிக்குச் செல்வோரைத் துரோகி என்று தூற்றும் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும். நம்மிடம் வரும்போது "தெளிவு பெற்றனர்" என்கிறோம். நம்மைவிட்டுச் செல்லும்போது "விலைபோயினர்" என்கிறோம். இரண்டையும் ஒரே வாய்தான் பேசுகிறது. சென்றவரிடம் ஏன் சென்றாய் என்று வீட்டுக்குப் போய்க் கேட்ட தோழர் நம்மிலே எத்தனை பேர்?

1918-இலே சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, ஆலைத் தொழிலாளர் பக்கம் வந்து நின்றவர் யார்? தமிழாசிரியராயிருந்த திரு.வி.க. சுண்ணாம்புக் கட்டி பிடித்த கரம், பஞ்சாலைத் தொழிலாளியின் கரத்தைப் பற்றிற்று. அந்தக் கடன் நூறாண்டுக்கு மேலாக நம் கணக்கிலே நிற்கிறது. திருப்பித் தரும் முறை இப்போது ஆலைத் தொழிலாளிக்கு.

கிருட்டிணகிரியிலிருந்தும் இவ்வூரிலிருந்தும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வு செய்யச் செல்வோர் நம் தெருவிலேயே இருக்கின்றனர். அவர்களில் நான்கு பேர் நம் சங்க அலுவலகப் படியேறி வந்தால், எத்தனை பேரைத் திரட்டித் தருவாய், மாநாட்டுக்கு எத்தனை வண்டி பிடிப்பாய் என்று தொடங்கிவிடாதீர்கள். நாற்காலி கொடுங்கள். தேநீர் வரவழையுங்கள். உதவித்தொகை எந்த மாதம் வரை வந்திருக்கிறது என்று கேளுங்கள்.