மெட்டும் நாதமும்

வீணையின் தண்டியிலே மெழுகின்மேல் 24 மெட்டுக்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருப்பதை நேயர்கள் பலரும் கண்டிருப்பர். ஒரு தாயிக்குப் பன்னிரண்டாக, இரண்டு தாயிகளுக்கு அவை இருபத்துநான்கு. மேனாட்டாரின் கிற்றாரிலும் இவ்வாறே மெட்டுக்கள் உள. ஆயின் அங்கே மெழுகு இல்லை. மரத்தைக் கீறி, அக்கீறலினுள் உலோகக் கம்பிகளை இறுக்கியிருப்பர். மெட்டுக்கள் பதிந்த அந்தப் பலகையை விரற்பலகை எனலாம். கிற்றாரைக் கையில் எடுக்கும் இளைஞனுக்கு முதலில் அச்சத்தைத் தருவது இந்த விரற்பலகையே. அவன் முதலிலே பயிலாது கைவிடுவதும் இதனையே.

அவன் அஞ்சுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. பியானோவிலே ஒரு சுரத்துக்கு ஒரு கட்டை. கறுப்பும் வெள்ளையுமாக அமைந்த வரிசை கண்ணுக்கு வழி காட்டிவிடும். கிற்றாரின் நிலை அவ்வாறன்று. 22 மெட்டுக்களையுடைய மின்கிற்றார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதிலே தந்திகள் ஆறு. மெட்டை அழுத்தாது மீட்டும் வெறுந்தந்தியையும் சேர்த்து எண்ணினால், ஒலி பிறக்கும் இடங்கள் 138 ஆகும். அவ்விடங்களிற் பிறக்கும் வெவ்வேறு ஒலிகளை எண்ணினாலோ 47 மட்டுமே தேறும். எஞ்சியவை யாவும் முன்னர் வந்தவையே. வேறோர் இடத்தில் மீண்டும் வந்து நிற்கின்றன.

மிக மெல்லிய முதலாந் தந்தியை வெறுமனே மீட்டினால் மேனாட்டார் 'ஈ' என வழங்கும் சுரம் எழும். அதே சுரம், அதே தாயியில், இரண்டாந் தந்தியின் ஐந்தாம் மெட்டிலும், மூன்றாந் தந்தியின் ஒன்பதாம் மெட்டிலும், நான்காந் தந்தியின் பதினான்காம் மெட்டிலும், ஐந்தாந் தந்தியின் பத்தொன்பதாம் மெட்டிலும் உண்டு. ஒரு சுரத்துக்கு ஐந்து வீடுகள். சுருதியளவில் ஐந்தும் ஒன்றே. நாதத்தில் அவை ஒன்றா என்றால், இல்லை. முதலாந் தந்தி மெல்லிய எஃகுக் கம்பி. முழு நீளமும் அதிர்கின்றது. அதன் ஒலி வெண்கலக் கிண்ணத்தைத் தட்டியது போலத் தெளிந்து நிற்கும். ஐந்தாந் தந்தியோ மேலே கம்பி சுற்றப்பட்ட தடித்த தந்தி. பத்தொன்பதாம் மெட்டில் அழுத்தும்போது அதன் நீளத்தில் மூன்றிலொரு பங்கே அதிர்கின்றது. அங்கே பிறக்கும் 'ஈ' தடித்து, மங்கி, சற்றே தொண்டை அடைத்தவர் பேசுவது போன்றிருக்கும். கிற்றாரின் நல்ல நாதத்தை நாடுவோர் பலர் இந்த ஐந்து வீடுகளுக்கும் ஒருமுறையேனும் சென்று பார்த்தவரல்லர் என்பது வியப்புக்குரியது. அவர்கள் செல்லும் இடம் கடை.

கடையைப் பற்றிப் பேசுமுன் மெட்டுக்களின் கணக்கைச் சிறிது நோக்கலாம். மெட்டுக்களின் இடைவெளி கண்மதிப்பால் அமைந்ததன்று. வின்சென்சோ கலிலி என்னும் இத்தாலிய இசையறிஞர் (வானியல் அறிஞர் கலிலியோவின் தந்தையார் இவர்) 1581ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், லூட் என்னும் கருவிக்கு ஒரு விதி கூறினார். தந்தியின் நீளத்தைப் பதினெட்டாகப் பகுத்து, ஒரு பங்கு தள்ளி முதல் மெட்டை வைக்க வேண்டும். எஞ்சிய நீளத்தை மீண்டும் பதினெட்டாகப் பகுத்து இரண்டாம் மெட்டை வைக்க வேண்டும். இவ்வாறே தொடர வேண்டும். அவ்விதிப்படி சென்றால் பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் சரிபாதியைச் சற்றே எட்டாமல் நின்றுவிடும். ஆதலால் இக்காலத்தார் பதினெட்டுக்குப் பதிலாக 17.817 என்னும் எண்ணைக் கொள்கின்றனர். 648 மில்லிமீற்றர் நீளமுள்ள தந்தியில் முதல் மெட்டு 36 மில்லிமீற்றர் அளவில் நிற்க, பன்னிரண்டாம் மெட்டு 324 மில்லிமீற்றரில், சரிபாதியில் வந்து நிற்கும். அங்கே வெறுந்தந்தியின் சுரமே மேற்றாயியில் ஒலிக்கும். அதற்கு அப்பால் உள்ளவை முன்னைய பெயர்களே. இதனை அறிந்த மாணவனுக்கு 138 என்னும் சுமை 72 ஆகக் குறைந்துவிடும்.

ஒரேயோர் இடறல் மட்டும் உண்டு. அடுத்தடுத்த தந்திகளுக்கிடையே ஐந்து அரைச்சுரங்கள் என்பது பொது விதி. மூன்றாந் தந்திக்கும் இரண்டாந் தந்திக்கும் இடையிலே மட்டும் நான்கு. கைக்கு எளிதாக அமையும் பொருட்டு முன்னோர் செய்த ஏற்பாடு இது. ஆயினும் ஓரிடத்தில் மனனம் செய்த விரலமைப்பு அந்த எல்லையைக் கடக்கும்போது ஒரு மெட்டுத் தள்ளிப்போகும். மாணவர் பெரும்பாலும் வழி தவறுவது இந்த இடத்திலேதான்.

இனி மின்கிற்றாருக்கு வருவோம். கொம்புகளும் பறைகளும் முழங்கும் நடனக் குழுவிலே மரக் கிற்றாரின் ஒலி எவர் செவிக்கும் எட்டவில்லை. அந்தக் குறையே மின்கிற்றாரைப் பிறப்பித்தது. அமெரிக்காவில் ஜோர்ஜ் போஷாம் என்பவர் வகுத்த கருவி 1932இல் விற்பனைக்கு வந்தது. மடியிற் கிடத்தி வாசிக்கும் ஹவாய்க் கிற்றார் அது. தந்திகளின் அருகே ஒரு காந்தம். காந்தத்தைச் சூழ மயிர் போன்ற செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. இதனைப் 'பிக்கப்' என்பர். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைகின்றது. சுருளிலே சிறு மின்னோட்டம் தோன்றுகின்றது. அம்பிளிபயர் அதனைப் பெருக்குகின்றது. பிக்கப் இருக்கும் இடத்துக்கேற்ப நாதமும் மாறும். விரற்பலகையின் ஓரத்தில் இருந்தால் ஒலி உருண்டு திரண்டு வரும். குதிரைக்கு அண்மையில் இருந்தால், அங்கே அடிப்படை அதிர்வு ஒடுங்கி மேற்றொனிகள் விகிதத்தில் மிகுவதால், ஒலி கூர்மையாகும். தந்தியை விரல் தீண்டும் இடத்துக்கும் இதே கணக்குத்தான். குதிரையருகே மீட்டுவதும் நடுவிலே மீட்டுவதும் இரண்டு கிற்றார்களை வாசிப்பது போன்ற வேறுபாட்டைத் தரும். இதற்குக் காசு வேண்டியதில்லை.

மெட்டுடைய கருவிக்கு மின்சாரம் ஏறியதால் நன்மை பெற்றது மேனாட்டிசை மட்டுமன்று. மண்டலினில் கருநாடக இசை வாசித்த யூ. ஸ்ரீநிவாஸ் (1969 - 2014), இரட்டை இரட்டையாக எட்டுத் தந்திகள் கொண்ட அக்கருவியை ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்மண்டலினாக மாற்றிக்கொண்டார். இரட்டைத் தந்தியிலே கமகம் இழைவது கடினம்; ஒற்றைத் தந்தியிலே அது கைவரும். நாதத்தைத் தேடியவர் முதலில் திருத்தியது விரல் நடமாடும் இடத்தையே.

அம்பிளிபயரின் வரலாற்றிலே ஒரு வேடிக்கை உண்டு. ஒலியைத் தூய்மையாகப் பெருக்குவதே அதனைச் செய்தோரின் நோக்கம். வால்வுகளின் ஆற்றலுக்கு மேலாக அதனை முடுக்கினால் அலையின் உச்சி வெட்டுண்டு ஒலி கரகரக்கும். பொறியியலார் இதனைக் குற்றம் என்றனர். இளைஞர்கள் இதுவே வேண்டும் என்றனர். 1958இல் லிங் றே என்பவர் தமது ஒலிபெருக்கியின் கடதாசிக் கூம்பைப் பென்சிலாற் குத்தித் துளைத்து அந்தக் கரகரப்பை உண்டாக்கினார். 1961இல் நாஷ்வில் நகர ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றிலே கருவி பழுதுற்றமையால் எழுந்த சிதைந்த ஒலி அப்படியே இசைத்தட்டில் ஏறியது. மறு ஆண்டிலேயே அந்தப் பழுதை விரும்பும்போது உண்டாக்கித் தரும் காலால் மிதிக்கும் பெட்டி சந்தைக்கு வந்தது. 1964இல் இலண்டனிலே டேவ் டேவிஸ் என்னும் இளைஞர் சவர அலகினால் தமது ஒலிபெருக்கியைக் கீறினார். வீட்டிலுள்ள ஒலிபெருக்கியைக் கொண்டு பிள்ளைகள் இச்சோதனையைச் செய்ய வேண்டியதில்லை.

அன்று தொடங்கிய பெட்டி வணிகம் இன்று பெருகி, பழைய வால்வு அம்பிளிபயர்கள் பலவற்றின் குரலையும் கணினி முறையால் ஒரு பெட்டிக்குள்ளே அடக்கும் நிலைக்கு வந்துவிட்டது. இவற்றைப் பழிப்பது முறையன்று. கைதேர்ந்தவரிடம் இவை நல்ல பணி செய்கின்றன. ஆயினும், ஊதியத்தை மிச்சம் பிடித்துப் பெட்டிமேற் பெட்டியாக வாங்கிச் சேர்த்து, வாங்கிய ஒவ்வொன்றையும் அதே ஐந்தாறு விரலமைப்புக்களை வாசித்தே சோதித்து, 'நான் நினைத்த நாதம் இதில் இல்லை' என்று அடுத்ததற்கு ஏங்கும் இளைஞர் எந்நாட்டிலும் உளர். அவர் நினைத்த நாதம் வேறு தந்தியிலே, வேறு மெட்டிலே இருந்திருக்கவும் கூடும்.

இந்த இடத்தில் ஒருவரின் வாழ்வை எடுத்துரைப்பது பொருந்தும். வெஸ் மொன்ற்கோமரி 1923இல் அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரிலே பிறந்த கறுப்பின இசைஞர். இளமையிலே தமையனார் வாங்கிக்கொடுத்த நாற்றந்திக் கிற்றாரை வாசித்தவர். மின்கிற்றாரை ஜாஸ் இசையிலே தலைநிமிரச் செய்தவர் சார்ளி கிறிஸ்ரியன். 1939இல் பெனி குட்மனின் குழுவிற் சேர்ந்து, 1942இலே, 25 வயதில் காசநோய்க்கு இரையானவர். அவருடைய இசைத்தட்டுக்களைக் கேட்ட மொன்ற்கோமரி, ஏறக்குறைய இருபது வயதிலே ஆறு தந்திக் கிற்றாரையும் ஓர் அம்பிளிபயரையும் வாங்கினார். ஆசிரியர் இல்லை. இசைக்குறிப்பு வாசிக்கவும் அவர் அறியார், இறுதிவரை அறியார். இசைத்தட்டைச் சுழலவிட்டு, கேட்ட சுரத்தை விரற்பலகையிலே தேடித் தேடி, கிறிஸ்ரியன் வாசித்தவற்றை ஒவ்வொன்றாகத் தமதாக்கிக்கொண்டார்.

பகலில் வேலை, பயிற்சி இரவிலே. அம்பிளிபயரின் ஒலியைப் பொறுக்காத அயலவர் முறையிட்டனர். தந்தியை மீட்டும் சிறு தகட்டை அவர் வைத்துவிட்டு, பெருவிரலின் சதையால் மெல்ல மீட்டத் தொடங்கினார். ஒலி தணிந்தது, நாதம் மலர்ந்தது. தகட்டின் 'டிக்' என்னும் ஓசை மறைந்து, பட்டுத் துணியால் துடைத்தெடுத்தாற்போன்ற ஒரு குளிர்ந்த நாதம் பிறந்தது. பிற்காலத்திலே அவருக்கென்று செய்யப்பட்ட கிற்றாரில் விரற்பலகையின் ஓரமாக ஒரேயொரு பிக்கப் மட்டுமே இருந்தது. அவருக்கு அது போதியதாயிற்று.

1948 முதல் இரண்டாண்டுகள் லயனல் ஹாம்ப்ரனின் குழுவோடு ஊர்ஊராகச் சென்றார். பின்னர் குடும்பத்தைக் காக்கும் பொருட்டு ஊர் திரும்பினார். பகலிலே தொழிற்சாலை, மாலை தொடங்கி நள்ளிரவு தாண்டும்வரை ஒரு மதுச்சாலையில் வாசிப்பு, அது முடிந்ததும் விடியும்வரை மற்றொரு கழகத்தில் வாசிப்பு. உடலை உருக்கிய ஆண்டுகள் அவை. 1959இல் சாக்சபோன் இசைஞர் கெனன்போல் அடர்லி அங்கு வந்து கேட்டு வியந்து, ரிவர்சைட் இசைத்தட்டு நிறுவனத்தாருக்கு அறிவித்த பின்னரே உலகம் அவரை அறிந்தது. அப்பொழுது அவருக்கு வயது 36. 1968ஆம் ஆண்டு யூன் மாதத்தில், 45 வயதிலே, மாரடைப்பால் அவர் காலமானார். புகழோடு வாழக் கிடைத்தவை ஒன்பது ஆண்டுகளே.

அவருடைய நாதத்துக்குப் பெருவிரல் ஒரு பாதி. மறுபாதி விரற்பலகையிலே இருந்தது. ஒரு சுரத்தையும் அதன் மேற்றாயிச் சுரத்தையும் ஒருங்கே ஒலித்து, முழு இராகத்தையும் அவ்விரட்டையாகவே நடத்திச் செல்வது அவருடைய தனிவழி. இரண்டு சுரங்களுக்கும் இடையிலுள்ள தந்தி ஒலிக்காதபடி சுட்டுவிரலின் அடிப்பகுதியால் அதனை அடக்கிக்கொள்வார். ஆறாந் தந்தியில் ஒரு சுரம் இருந்தால் அதன் மேற்றாயி நான்காந் தந்தியில் இரண்டு மெட்டுத் தள்ளி இருக்கும். ஐந்தாந் தந்திக்கும் மூன்றாந் தந்திக்கும் அவ்வளவே. நான்காந் தந்தியிலிருந்து இரண்டாவதற்கும், மூன்றாவதிலிருந்து முதலாவதற்கும் செல்லும்போது, முன்னர் கூறிய அந்த இடறல் காரணமாக, மூன்று மெட்டுத் தள்ளும். விரைந்து செல்லும் இசையிலே இந்த மாற்றத்தை எண்ணிப் பார்க்க நேரமில்லை. கை தானே அறிந்திருக்க வேண்டும்.

இதிலே ஒரு நயம் உண்டு. விரற்பலகையைப் பயிலும் தொடக்க மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் உபாயமும் இந்த இரண்டு மெட்டு, மூன்று மெட்டுக் கணக்கே. ஒரு சுரத்தின் பெயரைத் தெரிந்துகொண்டு, ஆறாந் தந்தியில் அதனைக் கண்டு, அங்கிருந்து நான்காவதற்கும், அங்கிருந்து இரண்டாவதற்கும் தாவி, பின் ஐந்து, மூன்று, ஒன்று என மற்றைய தந்திகளிலும் அதனைக் காண்பது. பிறர் பாடப்பயிற்சியாகக் கண்டு கடந்துபோன அந்த ஏணியையே மொன்ற்கோமரி தமது குரலாக்கிக்கொண்டார்.

நாளுக்கு ஒரு சுரமாகப் பன்னிரண்டு சுரங்களுக்குப் பன்னிரண்டு இரவுகள் ஆகும். ஒவ்வோர் இடத்திலும் சுரத்தை நிறுத்தி, குதிரையருகே ஒருமுறையும் நடுவிலே ஒருமுறையும் மீட்டி, நாதம் மாறுவதைச் செவியால் வாங்கிக்கொள்ள வேண்டும். இதற்கு அம்பிளிபயரை இணைக்க வேண்டுமென்பதுமில்லை. திண்ணிய கட்டையாற் செய்த மின்கிற்றாரின் ஒலி, மின்சாரம் இல்லாதபோது அடுத்த அறைக்கும் நன்கு கேளாது. இந்தியானாபொலிஸ் அயலவரைப் போல எவரும் வந்து முறையிட நேராது.