குறட்டையும் மூளையும்

குறட்டை என்றதும் நமக்கு நகைப்பே தோன்றுகிறது. கும்பகருணனின் உறக்கத்தைச் சொல்லிச் சிரிக்காத வகுப்பறை இல்லை. எங்கள் ஊவாத் தோட்டங்களில், லயத்தின் ஒரு காம்பிராவில் எழும் குறட்டை அடுத்த காம்பிராவிலும் கேட்கும். ‘மனுஷன் அசந்து தூங்குகிறார்’ என்று அயலார் சொல்லிக்கொள்வர். குறட்டை விடுபவர் நன்றாக உறங்குகிறார் என்பது நமது துணிபு. அத்துணிபினால் நான் இழைத்த பிழையொன்றை முதலிற் கூறிவிடுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மொனராகலைப் பகுதியில் நான் கற்பித்த வகுப்பில் ஒரு சிறுவன் முதற்பாடத்திலேயே உறங்கி விழுவான். விழித்திருக்கும் வேளையிலோ ஓரிடத்தில் அமரமாட்டான். சோம்பேறி என முடிவுசெய்து அவனை வாங்கின்மேல் நிறுத்தினேன். மறுநாள், இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் அவனுடைய தாய் வந்தாள். “ஐயா, ராத்திரியெல்லாம் வாயாலதான் மூச்சு விடுறான். நடுவுல மூச்சு நின்னுபோகுது. நான்தான் உலுக்கி எழுப்புறேன். நானும் தூங்கிட்டா என்ன ஆகுமோன்னு பயமா இருக்குங்க” என்றாள்.

எழுத்தறியாத அத்தாய் கூறியது ஒரு நோயின் இலக்கணம். உறக்க மூச்சுத்தடை என்று அதனைக் கூறலாம். உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அங்கே மூச்சுவழி ஒடுங்கி, முற்றாக அடைபட்டும் விடுகிறது. வளர்ந்தோரில் மூச்சு பத்து வினாடியோ அதற்கு மேலோ தடைப்படும். குருதியில் ஒட்சிசன் குறைய, மூளை திடுக்கிட்டு விழித்து மூச்சை மீட்கிறது. நோய் கடுமையாயின் இது மணிக்கு 30 முறைக்கு மேல் நிகழும். காலையில் உறங்கியவருக்கு இதில் ஒன்றும் நினைவிராது.

இதனால் மூளைக்கு நேர்வது யாது? 1924 ஆம் ஆண்டில் பதுளையை எட்டிய நமது புகையிரதப் பாதையை நினைத்துப் பாருங்கள். மலைநாட்டில் அது ஒற்றைப் பாதை. கொழும்பிலிருந்து வரும் வண்டி கடந்து செல்லும்வரை, பதுளையிலிருந்து புறப்பட்ட வண்டி ஒரு நிலையத்திற் காத்து நிற்கவேண்டும். மூளையிலும் இத்தகைய ஒழுங்கு உண்டு. நாம் வாளாவிருந்து பழையன எண்ணும்போது இயங்கும் வலையமைப்பு ஒன்று. ஒரு வேலையிற் கருத்தூன்றும்போது இயங்குவது பிறிதொன்று. முன்னையதை 2001 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் மார்க்கஸ் றெய்க்கிள் குழுவினர் விளக்கினர். பின்னையது இயங்கும்போது முன்னையது ஒதுங்கி வழிவிடவேண்டும். மூச்சுத்தடை நோயாளரின் மூளையைப் படம்பிடித்து ஆராய்ந்தோர், இவ்வொதுங்கல் குறைவுபடுவதையும், பகுதிகளுக்கிடையேயுள்ள இணக்கம் தளர்வதையும் கண்டுள்ளனர். படித்தது மறப்பதும், சொல்லிக்கொண்டிருக்கும்போதே கருத்துச் சிதறுவதும் இதனோடு தொடர்புடையன. நாமோ அதனைப் பெரியவரில் முதுமை என்கிறோம். சிறுவரிற் சோம்பல் என்கிறோம்.

ஆயினும் இது மீளாத கேடன்று. 1981 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகர வைத்தியர் கொலின் சலிவன், மூக்கில் அணியும் கவசத்தின் வழியே காற்றை மெல்ல அழுத்திச் செலுத்தி, மூச்சுவழி அடைபடாமற் காக்கும் முறையை வெளியிட்டார். இத்தாலியின் மிலான் நகர ஆய்வாளர் கடும் நோயுற்ற 17 பேருக்கு இச்சிகிச்சையை அளித்தனர். மூன்று மாதத்தின் பின், நினைவுக்குரிய பகுதியிலும் முன்மூளையிலும் குறைந்திருந்த சாம்பனிறப் பொருள் பெருகியதை 2011 இல் அறிவித்தனர். தண்டவாளம்போற் பகுதிகளை இணைக்கும் வெண்ணிற நார்களும், ஓராண்டுச் சிகிச்சையில் பெரும்பாலும் சீர்பெற்றதை 2014 இல் எடுத்துக்காட்டினர்.

சிறுவரில் இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணம் வீங்கிய டொன்சிலும், மூக்கின் பின்னுள்ள சதையுமே. அமெரிக்காவில் 5 முதல் 9 வயதுவரையுள்ள 464 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வொன்று 2013 இல் வெளியாயிற்று. அவற்றை அறுத்து நீக்கியபின் பிள்ளைகளின் நடத்தையும் உறக்கமும் சிறந்தன. கருத்தூன்றும் திறனை அளந்த சோதனையில் மட்டும் ஏழு மாதத்துள் பெரிய வேறுபாடு தோன்றவில்லை. ஆகவே காலந்தாழ்த்தாது கவனித்தல் நன்று.

அந்தச் சிறுவனுக்கும் சத்திரசிகிச்சை நடந்தது. சில வாரங்களின் பின் வகுப்பில் விழித்திருந்தான். எந்த வகுப்பின் முன்னே அவனை வாங்கின்மேல் நிறுத்தினேனோ, அதே வகுப்பின் முன்னே என் பிழையை ஒப்புக்கொண்டேன். அவன் தாய் அதன்பின் இரவில் உறங்கினாள் என்று அறிந்தேன்.

நேயர்களே, உங்கள் வீட்டில் குறட்டை எழுந்தால் இன்றிரவு சற்றுச் செவிகொடுங்கள். ஒலி திடீரென நின்று, அமைதி நீண்டு, பின் திணறலோடு மூச்சு மீள்கின்றதா? அவர் பகலிலும் தூங்கி வழிகின்றாரா? ஆமெனில் நகையாதீர், வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். தம் உறக்கத்தைத் தாமே காண்பார் எவருமில்லர். பக்கத்தில் விழித்திருப்பவரே அதற்குச் சாட்சி.