காலடியிற் படரும் பூண்டுகள்

(சத்துவாச்சாரியில் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய பேச்சு)



மழை பெய்ததும் நம் வீட்டுத் தோட்டங்களில் விதைக்காமலே பல பூண்டுகள் தரையோடு படர்கின்றன. அவற்றை எல்லாம் ‘களை’ என்றோ ‘மூலிகை’ என்றோ ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். இரண்டும் சரியன்று.

மஞ்சட்காமாலைக்கென நாம் தேடும் கீழாநெல்லியை எடுத்துக்கொள்வோம். சிற்றிலைகளின் கீழே நெல்லி போன்ற சிறு காய்கள் வரிசையாகத் தொங்குவது அதன் அடையாளம். கிள்ளினால் பால் வராது. பால் வடிந்தால் அது அம்மான் பச்சரிசியாகவோ அதன் இனமாகவோ இருக்கலாம், கீழாநெல்லி அன்று. அடையாளம் சரியாயினும், காமாலை கண்டவரை மருத்துவரிடம் காட்டுவதே முதற் கடமை. தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவுநீர் பாய்ந்த நிலத்துச் செடி எதனையும் உண்ணலாகாது. அந்நீரின் குரோமியம் மண்ணில் தங்கக்கூடியது.

பார்த்தீனியமோ வேறு வகை. 1950-களின் நடுவில் பூனாவில் காணப்பட்ட இவ்வயல்நாட்டுச் செடி, இன்று நாட்டின் பல பகுதிகளிலும் பரவியுள்ளது. இளமையில் இதன் பிளவுபட்ட இலைகள் வட்டமாகத் தரையிற் படிந்து, அழகுச் செடிபோலத் தோன்றும். தொட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். கையுறை அணிந்து, பூக்குமுன்னே வேரோடு பிடுங்குவோம்.

பெயர் தெரியாத பூண்டைப் பூ, காய், வேருடன் எடுத்து, செய்தித்தாள்களிடையே அழுத்தி உலர்த்தி, கண்ட இடத்தையும் நாளையும் எழுதி வைப்போம். அதனைக் கல்லூரித் தாவரவியல் ஆசிரியரிடம் காட்டுவோம். கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தென்மண்டல நிலையத்திலும் இத்தகைய உலர் மாதிரிகளே சேர்த்துக் காக்கப்படுகின்றன.

பெயர் அறிந்த பின்னரே உண்போம். பெயர் அறிந்த பின்னரே அழிப்போம்.